நிலா ஏறினால் வாடகை ஏறும்

திருவண்ணாமலையில் கையைக் கடிக்காமல் தங்குவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த வாரம் ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறோம்.

கே: பௌர்ணமி கிரிவலத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அன்றைக்கு மலிவாக ரூம் எங்கே கிடைக்கும்?
(வாசகர், ஈரோடு)

ப: மறுநாள் கிடைக்கும்.

கிண்டல் இல்லை. அதே அறை, அதே கட்டில், அதே கடகடக்கும் ஃபேன். தேய்பிறை சதுர்த்தியன்று ஒரு விலை, பௌர்ணமியன்று கேட்டால் தலை சுற்றும். இந்த ஊரில் வாடகைப் பட்டியலை லாட்ஜ்காரர் எழுதுவதில்லை, பஞ்சாங்கம் எழுதுகிறது. அதனால் மலிவான லாட்ஜைத் தேடி அலையாதீர்கள், மலிவான தேதியைத் தேடுங்கள். மாதம் முப்பது நாளும் மலை அங்கேயேதான் இருக்கிறது.

பௌர்ணமிதான் வேண்டும் என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள். பாதை 14 கிலோமீட்டர். குழந்தை, பாட்டி, நடுவில் இரண்டு டீ என்று போனால் ஐந்து மணி நேரம் ஆகும். ராத்திரி முழுக்க நீங்கள் ரோட்டில் நடப்பீர்கள். உங்கள் பை மட்டும் ஏ.சி. ரூமில் தூங்கும். குளிக்கவும் துணி மாற்றவும் இரண்டு மணி நேரத்துக்கு அறை தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் தருகிறார்கள்.

கே: எங்களுக்கும் அதே சந்தேகம். பௌர்ணமிக்கு ரூம் போடலாமா?
(வாசகர், போளூர்)

ப: போளூருக்கு எதற்கு ரூம்? பஸ் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்.

கே: சென்னையிலிருந்து 50 ரூபாய் ரயில் இருக்கிறதாமே. வந்து தங்கிப் போனால் எவ்வளவு மிச்சம்?
(வாசகர், பெரம்பூர்)

ப: சென்னை கடற்கரையிலிருந்து வேலூர் வரை ஓடிக்கொண்டிருந்த ரயிலை 2024 மே மாதம் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். டிக்கெட் 50 ரூபாய். தமிழ்நாட்டில் இதைவிட மலிவான யாத்திரை அபூர்வம். ஆனால் அறிவித்த நேரப்படி வண்டி ஊர் சேரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். திரும்பும் வண்டி விடியற்காலை நான்கு மணிக்கு. நடுவில் இருக்கும் நாலு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை கொடுத்தால், டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது கட்டில் விரிப்புக்கே போய்விடும். அதே வண்டியில் திரும்புவேன் என்று கிரிவலம் கிளம்பினால், கடைசி இரண்டு கிலோமீட்டர் வலம் அல்ல, ஓட்டம்.

ஆகவே ரயிலில் வாருங்கள், விடியும்வரை நிதானமாக நடங்கள், காலையில் சாமி பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்புங்கள். நேரம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பவும்.

கே: டவுனில் விலை அதிகம், அடி அண்ணாமலையில் தங்கினால் பாதிதான் ஆகும் என்கிறார் நண்பர். உண்மையா?
(வாசகி, தாம்பரம்)

ப: நண்பர் அறைவாடகையைச் சொன்னார், ஆட்டோவைச் சொல்லவில்லை.

அடி அண்ணாமலை மலைக்கு மேற்குப் பக்கம். பெரிய கோயிலிலிருந்து கிரிவலப் பாதையில் வந்தால் வருண லிங்கத்தைத் தாண்டி, ஏறக்குறைய பாதி வழி. லாட்ஜ் போர்டுகள் வரிசையாக மின்னும் இடம் இல்லை. ஆடு மாடு கட்டிய கிராமம், நடுவில் சில விருந்தினர் விடுதிகள், மாடியில் ஒரு அறை கட்டி விட்டிருக்கும் வீடுகள். குளிர்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது, ஏனென்றால் அவர்கள் எங்கேயும் போவதில்லை. நீங்கள் காலையில் பெரிய கோயில், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் மறுபடி கோயில் என்று போய் வந்தால், ஆட்டோக்காரர்தான் உங்கள் நிஜமான வீட்டு ஓனர்.

பௌர்ணமியன்று கதையே வேறு. கிரிவலப் பாதையில் வண்டிகளை விடமாட்டார்கள். பஸ்களையும் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிடுவார்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அரை கிரிவலம் வந்தால்தான் உங்கள் ரூம் சாவி. புண்ணியம் பாதி, முதுகுவலி முழுசு.

இத்தனையும் சொன்ன பிறகும் என் ஓட்டு அடி அண்ணாமலைக்குத்தான், இரண்டு நிபந்தனையோடு: சாதாரண நாளாக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று ராத்திரி தங்க வேண்டும். பிரம்மா பிரதிஷ்டை செய்ததாகச் சொல்லும் ஆதி அருணாசலேசுவரர் கோயில் அங்கே இருக்கிறது. பெரிய கோயில் கியூவில் நின்றவர்களுக்கு அதன் அமைதியே பிரசாதம். பக்கத்தில் மாணிக்கவாசகருக்கு ஒரு கோயில். திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்பார்கள், மார்கழியில் போனால் நம்பத் தோன்றும். இன்னொரு லாபமும் உண்டு: சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வர நேரமாகும். லேட்டாக எழுந்திருப்பவர்களுக்கு இவ்வளவு பெரிய ஜன்னல் திரையை எந்த ஸ்டார் ஹோட்டலும் தராது.

கே: அங்கே தங்கினால் கிரிவலத்தை எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், விழுப்புரம்)

ப: ராஜகோபுரத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பது பரவலான வழக்கம். தங்கிய இடத்திலிருந்து தொடங்கி அதே இடத்தில் முடிப்பவர்களும் உண்டு. வட்டத்துக்கு முனை ஏது? மலை வலப்பக்கம் இருந்தால் போதும்.

கே: விசேஷ நாளில் விலை ஏற்றும் இந்தக் கொள்ளை எப்போது ஆரம்பித்தது?
(வாசகர், சேலம்)

ப: நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாதிக்கப்பட்டவர் ரமண மகரிஷி.

மலைமேல் இருக்கும் விரூபாட்ச குகையில் 1899 முதல் 1916 வரை அவர் பெரும்பாலும் இருந்தார். குகை ஒரு மடத்தின் நிர்வாகத்தில் இருந்தது. கார்த்திகை தீபத்துக்கு மலையேறி வருபவர்களிடம் சின்னதாக ஒரு காசு வாங்குவது அந்த மடத்தின் பழைய வழக்கம். நடுவில் இரண்டு தரப்புக்குள் வழக்கு, வசூல் நின்றுபோயிருந்தது. ஜெயித்த தரப்பு திரும்பி வந்து பார்த்தால், தீபத்துக்கு மட்டுமல்ல, வருஷம் பூராவும் கூட்டம். எல்லாம் உள்ளே பேசாமல் உட்கார்ந்திருக்கும் இளம் சாமியைப் பார்க்க. விடுவார்களா? வருஷம் பூராவும் வசூல்.

ரமணர் வாதாடவில்லை. குகையை விட்டு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தார். வசூல்காரர் மரத்தடியையும் சேர்த்து எல்லையை நகர்த்தினார். ரமணர் எழுந்து கீழே சத்குருசுவாமி குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. காலிக் குகைக்கு யார் காசு கொடுப்பார்கள்? நீங்கள் இருக்கும்வரை வசூல் கிடையாது என்று ஒப்புக்கொண்டு மடத்தார் அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள்.

நமக்கும் அதே உபாயம்தான், ஆனால் எழுந்து போக நம்மிடம் இன்னொரு குகை இல்லை.

கே: ஆசிரமங்களில் இலவசமாகத் தங்கலாமாமே?
(வாசகர், திருப்பூர்)

ப: ரமணாசிரமத்தில் அறைக்கு இவ்வளவு என்று கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, இடம் உண்டு என்று பதில் வந்த பிறகுதான் பெட்டி கட்ட வேண்டும். கிடைப்பதும் சில நாட்கள்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கேட்பவர்கள் அதிகம். மத்தியான சாப்பாடு பதினொன்றரைக்கு; இரண்டு மணிக்கு வந்து கை கழுவினால் ஈரக் கைதான் மிச்சம். பக்கத்தில் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், கொஞ்சம் தள்ளி யோகி ராம்சுரத்குமார் ஆசிரமம். அங்கேயும் பக்தர்களுக்கு அறைகள் உண்டு. நகரத்தார் விடுதி போன்ற சமூக விடுதிகளும் இருக்கின்றன. யாருக்கு முன்னுரிமை என்பதைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். ஓசி என்று நினைத்துப் போகாதீர்கள். கட்டணம் கேட்காத இடத்தில் கிளம்பும்போது மனசறிந்து கொடுப்பதுதான் மரியாதை. 'எவ்வளவு கொடுக்கணும்?' என்று அங்கே கேட்டு என்னைக் காட்டிக்கொடுக்காதீர்கள்.

கே: நான் தனியாக வரும் பெண். 'சிங்கிளுக்கு ரூம் இல்லை' என்று மூன்று லாட்ஜில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது சட்டமா?
(வாசகி, ஆரணி)

ப: சட்டம் இல்லை, பயம். தனியாக வந்தவர் ஏதாவது செய்துகொண்டால் போலீஸ், விசாரணை என்று ஓனர் நடுங்குகிறார். கல்யாணம் ஆகாத ஜோடி ஒரே அறையில் தங்கக் கூடாது என்றுகூட எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனி ஆளுக்கு மட்டும் என்ன தடை?

வேடிக்கையைப் பாருங்கள். 1896 செப்டம்பர் 1 அன்று மதுரையிலிருந்து பதினாறு வயசுப் பையன் ஒருவர் இந்த ஊருக்குத் தனியாக வந்து சேர்ந்தார். மிச்சக் காசையும் அய்யங்குளத்தில் போட்டுவிட்டார். பை இல்லை, முகவரி சொல்லும் சீட்டு இல்லை. இன்று எந்த லாட்ஜ் கவுண்டரும் அவரை உள்ளே விட்டிருக்காது. ஆயிரங்கால் மண்டபம் விட்டது. அந்தப் பையன்தான் ரமணர். பிறகு அவர் படத்தையே அதே கவுண்டர்களுக்குப் பின்னால் மாட்டி, ஊதுபத்தி ஏற்றி, 'சிங்கிள் நாட் அலவ்ட்' என்கிறார்கள்.

நடைமுறைக்கு: முதல் நாளே போனில் பேசி, தனியாக வருவதைச் சொல்லி உறுதி வாங்கிக்கொண்டு ஆதாரோடு போங்கள். ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள செங்கம் ரோடு பகுதியில் தனியாக வரும் பெண்கள் புதுசில்லை.

கே: டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். ஜப்பானியத் தோழி ஒருத்தியை அழைத்து வருகிறேன். அவளுக்கு ஏதாவது சிக்கல் வருமா? ஜப்பானில் கோயில்களிலேயே தங்கலாமே, இங்கே ஏன் இல்லை?
(வாசகி, டோக்கியோ)

ப: தோழியின் பாஸ்போர்ட், விசா விவரங்களை லாட்ஜ்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குச் சோம்பல்பட்டு 'ஃபாரினருக்கு ரூம் இல்லை' என்பவர்களும் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள்.

கோயா மலைக் கோயில்களில் தங்கலாம்தான், ஆனால் அது மலிவு என்று உங்கள் பர்ஸிடம் சொல்லிவிடாதீர்கள். இங்கோடு ஒப்பிட வேண்டியது ஷிகோகு தீவு. 88 கோயில்கள், ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர், அதுவும் வட்டம்தான். நடந்து வரும் யாத்திரிகர்களுக்கு ஊர்க்காரர்கள் பழம், சாப்பாடு கொடுப்பார்கள். சில கோயில்களிலும் வீடுகளிலும் இலவசமாகப் படுக்க இடம் தருவார்கள். லீப் வருஷத்தில் எதிர்த் திசையில் சுற்றினால் புண்ணியம் கூடுதல் என்பதும் அவர்கள் நம்பிக்கை. அதை மட்டும் தோழி இங்கே முயன்று பார்க்க வேண்டாம், பௌர்ணமியன்று எதிரே வருவது பெருங்கூட்டம்.

ஒன்றில் அவர்களிடம் பாடம் படிக்கலாம். 1979-இல் ஒசாகாவில் முதல் கேப்சூல் ஹோட்டல் திறந்தார்கள்: ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பெட்டி. அவர்கள் தனி ஆளுக்கென்றே இடம் செய்தார்கள். ஆரணி வாசகியின் கடிதத்தை மேலே படித்திருப்பீர்கள்.

கே: 900 ரூபாய் ரூமுக்கு வரி போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் கிடையாதே?
(வாசகர், காட்பாடி)

ப: ஆயிரத்துக்கு உட்பட்ட அறைகளுக்கு 2022 ஜூலை 18 முதல் 12 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பில்லில் இன்னும் 12 இருந்தால் சண்டை போடுங்கள். பில்லே தராமல் வரி கேட்டால் அது வரி இல்லை.

கே: 'செக்-அவுட் 12 மணி', '24 மணி நேரம்', எது லாபம்?
(வாசகர், கடலூர்)

ப: கிரிவலம் முடித்துக் காலை ஆறு மணிக்கு அறை எடுப்பவருக்கு 12 மணி செக்-அவுட் என்பது ஆறு மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. விலையைக் கேட்பதற்கு முன்னால் 'எப்போ காலி பண்ணணும்?' என்று கேளுங்கள்.

கே: 'மலை வியூ' அறைக்கு 500 ரூபாய் கூடுதல் என்கிறார்கள். கொடுக்கலாமா?
(வாசகர், மதுரை)

ப: 2,668 அடி உயர மலை. பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரிகிறது, டீக்கடையிலிருந்து தெரிகிறது. சாதாரண அறையை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிச் சாவியைக் கேளுங்கள். ஓனரம்மா வடகம் காயப்போட்டிருப்பார், மிதித்துவிடாதீர்கள். அதற்கு 500 ரூபாய்க்கு மேல் ஆகும்.