எனக்கும் ஒரு சுயதணிக்கை

அனுப்புநர்: அல்சூர்வாசி ஒருவன், பெங்களூரு.
பெறுநர்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.
பொருள்: கோலாலம்பூரில் மலிவாக ஓட்டல் அறை தேடியது – சுயதணிக்கைச் சலுகை கோருதல் – தொடர்பாக.
பார்வை: தங்களது 30.11.2023 நாளிட்ட டார்க் பேட்டர்ன் தடுப்பு வழிகாட்டுதல்கள்.

மகா கனம் பொருந்திய ஐயா,

பத்துமலை முருகனைக் குடும்பத்தோடு தரிசிக்கலாம் என்று செயலி ஒன்றில் அறை தேடினேன். செயலியின் பெயர் எதற்கு? டார்க் பேட்டர்ன் என்று தாங்கள் தடை செய்த 13 தில்லுமுல்லுகளில் பலவும் அந்த ஓர் அறைக்குள்ளேயே வாடகையில்லாமல் குடியிருந்தன.

"இந்த விலையில் கடைசி அறை" என்று சிவப்பெழுத்து மிரட்டியது. பதறிப்போய் கார்டைத் தேடினால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, "என் போன்ல மூணு ரூம் இருக்குன்னு காட்டுதே" என்கிறாள். இன்ஷூரன்சுக்கு யாரோ முன்கூட்டியே டிக் போட்டிருந்தார்கள். அதை எடுக்கவேண்டுமானால், 'என் குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவையில்லை' என்ற பொத்தானை நானே அழுத்தவேண்டுமாம். மாமியாரும் உடன் வருகிறார். அவர் பார்க்க அதை அழுத்தும் துணிச்சல் எனக்கில்லை.

முதல் பக்கத்தில் ஒரு விலை. பணம் கட்டும் பக்கத்துக்கு வருவதற்குள் வரி, சேவைக் கட்டணம் என்று ஏறி அது வேறு விலையாகிவிட்டது. போதாததற்கு, மலேசியாவில் வெளிநாட்டுக்காரர்கள் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்டவேண்டும். 2017 முதல் உள்ள வரிதான்; செயலியில் அது எறும்பு சைஸ் எழுத்தில், அதுவும் அடியில். அங்கே போய்க் கார்டு தேய்க்கும்போது, "ரூபாயிலேயே பில் போடட்டுமா?" என்று பாசமாக வேறு கேட்பார்கள். ரிங்கிட்டில் போடச் சொல்பவன் பிழைத்தான். ரூபாய்க்குத் தலையாட்டினால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விகிதம்.

கடைசியில் ஓட்டலுக்கே நேரடியாகப் போன் போட்டேன். செயலி விலைக்கும் கீழே, காலை டிபனும் சேர்த்துச் சொன்னார்கள். எல்லா ஓட்டல்களாலும் இப்படிச் சொல்ல முடிவதில்லை. வேறெங்கும் விலையைக் குறைக்கக் கூடாதென்று ஓட்டல்களைக் கட்டிப்போட்டதற்காக, பெரிய பயண நிறுவனம் ஒன்றுக்குப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. எவ்வளவு நாகரிகமற்ற செயல்! தாங்கள் அப்படியா? 2025 ஜூனில், "உங்களிடம் டார்க் பேட்டர்ன் இருக்கிறதா என்று மூன்று மாதத்துக்குள் நீங்களே தணிக்கை செய்துகொள்ளுங்கள்" என்று மின்வணிகத் தளங்களுக்குச் சொன்னீர்கள். நவம்பரில் 26 தளங்கள், "எங்களிடம் அப்படி எதுவும் இல்லை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. திருடனுக்கே லத்தியைக் கொடுத்துக் காவலுக்கு வைக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும்!

எங்கள் ஊரில் நம்பிக்கையான டீல் என்றால் போக்குவரத்து அபராதம்தான். 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்ட்டிலும் நிலுவையில் சரிபாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். சேவைக் கட்டணம் கிடையாது, 'கடைசி சலான்' என்ற மிரட்டல் கிடையாது. ஆனாலும் மீதிப் பாதியைக் கட்டச் சொல்கிறார்களே, அதுதான் மனத்தாங்கல். ஆகவே செயலிகளுக்குத் தந்த சுயதணிக்கைச் சலுகையை என் ஸ்கூட்டருக்கும் நீட்டித்து, பெங்களூரு போக்குவரத்துப் போலீசுக்கு ஒரு வரி எழுதிப்போடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள நுகர்வோன்.

இணைப்பு: சில்க் போர்டு சிக்னலை நான் சிவப்பில் தாண்டியதே இல்லை என்பதற்கு நானே கையெழுத்திட்ட சான்றிதழ், அசல்.