ஊறுகாய் சீசாவும் இரண்டு லட்சம் பேரும்

பிரிஸ்டல்,
ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,



நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டால் ஒரு கும்பிடு படத்தை அனுப்பிப் பேச்சை முடித்துவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். "காசைக் கொட்டிக் கொடுத்துச் சேற்றில் படுக்கப் போகிறாயாமே, அங்கே உனக்கு வீடு இல்லையா?" என்று கேட்டிருந்தீர்கள். வீடு இருக்கிறது, வாடகையும் கட்டியாகிவிட்டது. ஆனாலும் இந்த மாதம் 25-லிருந்து 29 வரை, பக்கத்து ஜில்லாவான சாமர்செட்டில் பில்டன் என்ற கிராமத்துப் பால் பண்ணையில், டென்ட் அடித்துப் படுக்கத்தான் போகிறேன். டென்ட் என்றதும் உங்களுக்கு டென்ட் கொட்டாய் ஞாபகம் வரும். அது மாளிகை, இதில் நிமிர்ந்து உட்கார்ந்தால் தலை இடிக்கும். கிளாஸ்டன்பரி திருவிழா என்று பெயர். 1970-இல் மைக்கேல் ஈவிஸ் என்ற பால் பண்ணைக்காரர் தன் நிலத்தில் தொடங்கியபோது நுழைவுக் கட்டணம் ஒரு பவுண்டு, குடிக்கப் பால் இலவசம், வந்தவர்கள் 1,500 பேர். இப்போது இரண்டு லட்சம் பேர், கட்டணம் 373 பவுண்டு 50 பென்ஸ், பதிவுக்கு இன்னொரு 5 பவுண்டு, பால் தனி. ரூபாயில் 40,000-க்கு மேல். கணக்கைப் போட்டுப் பார்க்காதீர்கள், நான் போட்டுப் பார்த்து வருத்தப்பட்டுவிட்டேன். 79 வயது நீல் யங்கும் 80 வயது ராட் ஸ்டூவர்ட்டும் பாடுகிறார்கள் என்பதால் சின்னப் பையன்கள் கூத்து என்றும் சொல்ல முடியாது.

உங்கள் பயம் புரிகிறது. முன்பின் தெரியாத கூட்டம், அதில் பாதி குடித்திருக்கும், நடுவில் துணிச் சுவருக்குள் நம் பிள்ளை. ஆபத்து என்றால் அடுத்தவனிடமிருந்துதான் வரும் என்பது உங்கள் கட்சி. என் கட்சி வேறு. இப்படிப்பட்ட இடத்துக்குப் போகிறவனுக்கு முக்கால்வாசி ஆபத்து அவன் முதுகில் சுமந்துகொண்டு போகிற பைக்குள்ளேதான் இருக்கிறது. ஊருக்கு வரும்போது நான் கட்டுகிற பெட்டிகளை எடை போட்டவர் நீங்கள். என் பை எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு முதல் சாட்சி அங்கே உள்ள விதிகள். பார்த்தால் அத்தனையும் அசட்டு விதிகளாகத் தெரியும். ஆனால் திருடனைப் பற்றியும் குடிகாரனைப் பற்றியும் இருப்பதைவிட, நீ என்ன கொண்டுவருகிறாய், எதை எங்கே கொளுத்துகிறாய், எதை விட்டுவிட்டுப் போகிறாய் என்பதைப் பற்றித்தான் அதிகம். திருட்டுக்கு அனுபவஸ்தர்கள் சொல்வது ஒரே வரி: டென்டின் ஜிப்புக்குப் பூட்டுப் போடாதே, உள்ளே ஏதோ இருக்கிறது என்று தண்டோரா போட்டதாகும்.

எல்லாவற்றிலும் அசட்டு விதி கண்ணாடி விதி. கண்ணாடிப் பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது. சாராய பாட்டிலைத் தடுத்தால் சரி. ஆனால் விதிக்குச் சாராயம் முக்கியமில்லை, கண்ணாடிதான் முக்கியம். ஆகவே சென்ட் பாட்டில் கூடாது, ஜாம் பாட்டில் கூடாது, அமிர்தாஞ்சன் கூடாது. மூக்குக் கண்ணாடிக்கு விலக்கு உண்டு என்று நம்புகிறேன். இங்கேதான் அத்தையின் வடுமாங்காய் வழக்கு வருகிறது. ஊறுகாயைக் கண்ணாடிச் சீசாவில் அல்லாமல் வேறெதிலும் வைக்கக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் மூன்றாம் நாளே வாசனை மாறும் என்பதற்கு அத்தையிடம் சாட்சிகள் உண்டு. பிளாஸ்டிக் இவர்களுக்கும் ஆகாது. 2019-லிருந்து பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பதையே நிறுத்திவிட்டார்கள். எவர்சில்வர் சம்புடத்தில் வைத்தால் உப்பும் புளிப்பும் சேர்ந்து புள்ளி புள்ளியாக அரிக்கும். மிச்சம் இருப்பது பீங்கான் ஜாடி. பீங்கான் கண்ணாடி அல்ல என்று சட்டப்படி வாதாடலாம். ஆனால் உடைந்தால் அதுவும் அதே அழகில்தான் உடையும் என்று வாசலில் நிற்கிறவர் சொல்லிவிட்டால் மேல்முறையீடு செய்ய இடமில்லை. ஒரு வடுமாங்காய் இத்தனை அதிகார எல்லைகளுக்கு நடுவில் அகதியாக நிற்பதை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

சிரித்து முடித்த பிறகு விதியைத் திரும்பப் படித்தால் அதன் பின்னால் ஒரு பசு நிற்கிறது. ஐந்து நாள் நகரமாக இருக்கிற அந்த நிலம் மற்ற நாட்களில் மேய்ச்சல் நிலம். புல்லில் உடைந்த சில்லு, இருட்டில் செருப்பில்லாமல் கழிப்பறைக்கு ஓடுகிறவனின் காலை முதலில் பதம் பார்க்கும். பிறகு மாட்டின் வாயை. டென்ட் அடிக்கிற இரும்பு முளையை ஒன்று விடாமல் பிடுங்கிக்கொண்டு போ என்று கெஞ்சுவதும் அதனால்தான். மாடு மென்று பார்த்து விழுங்கும் ஜாதியில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆணியோ கம்பியோ உள்ளே போனால் இரண்டாம் இரைப்பையில் தங்கி, அங்கிருந்து குத்திக்கொண்டு நெஞ்சு வரை போகும். நம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் காந்தத்தை விழுங்கவைப்பது பற்றி நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை, 2006, 2012, 2018 என்று, நிலத்துக்கு ஓய்வு கொடுத்துத் திருவிழாவையே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வருஷமும் அப்படித்தான். கும்பகோணத்து மகாமகம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. இது ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை வராமல் இருக்கிறது. இதே வரிசையில் 'நிலத்தில் சிறுநீர் கழிக்காதீர்' என்ற விதியும் உண்டு. நம்மூரில் இதற்குச் சுவரில் சாமி படம் வரைவோம். இங்கே சாமிக்குப் பதில் விலாங்கு மீன். பண்ணை வழியாக வைட்லேக் என்று ஒரு சிற்றாறு ஓடுகிறது. 2019 திருவிழாவின்போது அதன் தண்ணீரைப் பரிசோதித்த பாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், விழா நடக்கும் இடத்தைத் தாண்டிய பகுதியில் போதைப்பொருள் கூடுதலாகக் கலந்திருப்பதாகவும் விலாங்குக்கு அது கேடு என்றும் எழுதினார்கள். ஆக, வந்தவர்கள் சாப்பிட்ட சமாச்சாரம் விலாங்குக்கும் ஏறுகிறது. சாமி படத்தைவிட இது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இதெல்லாம் மாட்டுக்கும் மீனுக்கும் சரி, மனுஷனுக்கு என்ன என்பீர்கள். மனுஷனைக் கொல்லக்கூடிய சாமான் அவன் பையில் இருக்கிற அடுப்பு. ஜூன் மாதமானாலும் இந்த ஊர் ராத்திரி நடுங்க வைக்கும். சமைத்து முடித்த கரி அடுப்பு கதகதப்பாகத்தானே இருக்கிறது, உள்ளே இழுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். அணைந்ததுபோலத் தெரியும் கரியும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். வாசனை கிடையாது, நிறம் கிடையாது, கண் எரிச்சல் கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் அசதியும் வந்தால், ஆடின களைப்பு என்று நினைத்துத் தூங்கிவிடுவான், எழுந்திருக்க மாட்டான். நம் வீட்டில் பாட்டி காலத்துக் குமுட்டி அடுப்பு உள்ளேதானே இருந்தது என்ற ஆட்சேபம் வரும் என்று தெரியும். பாட்டியைக் காப்பாற்றியது அடுப்பு அல்ல, வீடு. நடுவில் முற்றம், மேலே நாட்டு ஓட்டின் இடுக்குகள், என்றைக்கும் சாத்தாத கொல்லைக் கதவு. டென்ட் என்பது மழை நுழையக்கூடாது என்றே தைத்த நைலான் பை. பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டு வந்தால் அந்தப் பழக்கமே ஆளைக் கொல்லும். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் செத்த செய்தி உங்கள் பேப்பரிலும் வந்ததுதான். தீ என்றாலும் அதே கதைதான்: பற்றிக்கொண்ட டென்ட் ஒரு நிமிஷத்துக்குள் சாம்பல். அதனால் அடுப்பு வெளியே, தள்ளி. குளிருக்குக் கம்பளிக் குல்லா. அதைப் போட்டுக்கொண்டால் நான் எப்படி இருப்பேன் என்று அத்தைக்குத் தெரியும். போட்டோ கேட்க வேண்டாம்.

சேறு விஷயத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் பெருமை. ஆயிரக்கணக்கான பவுண்டு சாமான் விற்கிற கடைகள், எத்தனை மில்லிமீட்டர் நீரழுத்தம் தாங்கும் துணி என்றெல்லாம் விளக்குகின்றன. காவிரி டெல்டாக்காரனுக்கு அது தேவையில்லை, பள்ளத்தில் குடியேறாதே என்பது போதும். 2005 திருவிழாவில் விடியற்காலையில் கொட்டிய மழையில் பள்ளத்துப் பக்கம் அடித்த டென்ட்கள் கூரை மட்டும் தெரிய மூழ்கின. துணி நல்ல துணிதான், இடம்தான் தப்பு. மூன்று நாள் ஈரக் காலணியோடு நடந்தால் கால் வெளுத்து வெடிக்கிறது, அதற்கு முதல் உலகப்போர்ப் பதுங்குகுழியின் பெயரை வைத்து ஏதோ புது வியாதிபோலப் பேசுகிறார்கள். நாற்று நடுகிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண்ணுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான் அது. படுக்கும்போது கால் காய்ந்திருக்க வேண்டும். காலில் பூச மருதாணி இல்லாவிட்டால் போகிறது, உலர்ந்த காலுறை இரண்டு ஜோடியைப் பாலிதீன் பையில் கட்டி வைத்துவிட்டு, செத்தாலும் பகலில் அதைத் தொடக்கூடாது.

உங்கள் பக்கத்தில் பலமான வாதம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அதை எழுதவில்லை என்பதற்காக நான் மறைக்கக் கூடாது. 1992 மகாமகம். குளக்கரை நெரிசலில் சுமார் ஐம்பது பேர் போனார்கள். அவர்கள் பையில் அடுப்பும் இல்லை, சீசாவும் இல்லை. டென்மார்க்கில் ராஸ்கில்டே இசைவிழாவிலும் 2000-ஆம் வருஷம் ஜூன் 30 அன்று, மேடைக்கு முன்னால் சேற்றில் வழுக்கி விழுந்தவர்கள் மேல் நெரிசல் சாய்ந்து ஒன்பது பேர் போனார்கள். இதை என் கட்சி ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இரண்டிலும் கெட்டவன் யார்? யாரும் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. மூச்சு விட மார்பு விரிய இடமில்லை, பின்னால் நிற்பவனுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். அந்நியனுக்குப் பயப்படுவதால் இதிலிருந்து தப்ப முடியாது, இடத்துக்குப் பயப்பட வேண்டும். ஓரமாக நிற்பது, வெளியே போகும் வழியை முதலில் பார்த்துக்கொள்வது, கையை மார்புக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொள்வது, கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்புவது. கடைசிப் பாட்டை விட்டுவிட்டு வருவதற்கு 378 பவுண்டா என்று கேட்காதீர்கள், தேர் நிலைக்கு வருவதற்கு முன்பே செருப்பைத் தேடிப் போகிற குடும்பம் நம்முடையது.

காதுக்கு அடைப்பான் வாங்கியிருப்பதைச் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள்: பாட்டுக் கேட்கக் காசு, கேட்காமலிருக்க மறுபடி காசு. ஆனால் கணக்கு இருக்கிறது. 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கும். மேலே ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். நூறுக்கு வந்தால் கால்மணிதான். ஒரு பாடகர் தொண்டையைச் செருமி, ஊர்க்காரர்களை விசாரித்து, இரண்டு பாட்டுப் பாடுவதற்குள் அது தீர்ந்துவிடும். கல்யாணக் கச்சேரிகளில் தவிலுக்கு நேர் எதிரே முதல் நாற்காலியைப் பிடிக்கிற ஒருவருக்கு ஏன் இப்போது நான்காவது தடவை அடித்தால்தான் போன் மணி கேட்கிறது என்பதையும் இந்தக் கணக்கு விளக்குகிறது. பெயர் சொல்லவில்லை.

அனுபவஸ்தர்கள் சொல்கிற பட்டியலில் எனக்குத் தொண்டை அடைப்பது கடைசியாக வருகிற ஒன்று. டென்ட் அடித்ததும் பக்கத்து டென்ட்காரரிடம் போய்ப் பேர் சொல்லி அறிமுகம் செய்துகொள். ராத்திரி உடம்புக்கு வந்தால் உதவிக்கு வருகிறவர் அவர்தான். இதைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது மாமா. கோயில் பிராகாரத்தில் பாயை விரிக்கும் முன்பே "நமக்கு எந்த ஊர்?" என்று கேட்டு, சீட்டுக்கட்டைப் பிரித்து, பெண்ணுக்கு ஜாதகமும் வாங்கிக்கொள்கிற கூட்டத்திலிருந்து வந்தவனுக்கு இது விதியாகவே தோன்றாது. இந்த ஊர்த் தெருக்களில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு வருஷக்கணக்காக வாழ்ந்தும், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கிற நாளில் மட்டும் தலையசைத்துக்கொள்கிறோம். அதே ஜனங்கள் மாட்டுக் கொல்லையில் ஐந்து நாள் இருந்தால் கயிறு கொடுக்கிறார்கள், தேநீர் கொடுக்கிறார்கள், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்களாம். கட்டணத்தில் பாட்டுக்கு எவ்வளவு, இதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். முக்கால்வாசி இதற்குத்தான் என்பது என் சந்தேகம். வீடு இருக்கிறதா என்று கேட்டீர்களே, அதற்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து டென்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. அதனால் வடுமாங்காயைப் பாலிதீன் உறையில் இரண்டு அடுக்காகக் கட்டி, இருபதாம் தேதிக்குள் லண்டன் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். சீசா வேண்டாம். அத்தை கோபித்துக்கொண்டால் பழியைப் பசுவின் மேல் போட்டுவிடுங்கள். பசு என்றால் அத்தை ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் மருமான்

பி.கு.: அமிர்தாஞ்சனுக்கும் ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.