அயலகப் பின்புத்தி: நூற்பாவும் உரையும்

கடல் கடந்து வேலைக்குப் போன தமிழர்கள் கூடும் இடங்களில், சாப்பாடு முடிந்து வெற்றிலை இல்லாத குறைக்குச் சோம்புக் கிண்ணம் சுற்றிவரும் வேளையில், ஒரு வாக்கியம் தவறாமல் எழும்: "மறுபடி முதல்லேருந்து வர்றதா இருந்தா, நான் இப்படிப் பண்ணியிருக்கவே மாட்டேன்." எத்தனையோ அற்ப விஷயங்களுக்கு முனைவர் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகங்கள் இந்த வாக்கியத்தைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இவ்வாராய்ச்சி.

பொங்கல் பாட்லக், வளைகாப்பு, குழந்தைகளின் பிறந்தநாள் ஆகியவையும், டிசம்பர் லீவில் சென்னைக்கு வந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டு படுத்திருப்போரின் கட்டிலோரமும் நம் ஆய்வுக் களங்கள். தகவல் தந்தோர் பெயர்கள் ஆய்வு அறம் கருதி மறைக்கப்பட்டுள்ளன. அவர்களில் பலர் எனக்கு உறவு என்பது இன்னொரு காரணம்.

பிரிவைப் பாடப் பாலைத்திணை இருக்க, தனி இயல் எதற்கு என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? பாலையில் தலைவன் பொருள் தேடிப் போவான்; வருந்துகிறவள் வீட்டில் இருப்பாள். நம் இயலிலோ போனவனே வருந்துகிறான். அதுவும் தலைவிக்காக அன்று, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மருக்காக. ஆகவே தனி இயல் வேண்டிற்று என்க.

இரண்டே வருஷம் என்றே ஏகுவர்;
திரண்ட காசொடு திரும்புவம் என்ப.

இது தலைமை நூற்பா. மற்றப் பிழைகள் அனைத்தும் இதன் வயிற்றிலிருந்து பிறப்பவை. இந்த இரண்டு வருஷத்துக்கு அமெரிக்காவில் சட்ட ஆதாரம் ஏதும் இல்லை. எச்1பி விசா மூன்று வருஷத்துக்கு வரும், நீட்டித்தால் ஆறு. அமீரகத்தில்தான் இக்கொள்கைக்குச் சாஸ்திர பலம் உண்டு. அங்கே சாதாரண வேலை விசாவின் ஆயுளே இரண்டு வருஷம். எனவே அங்கு இது பொய்த்துப்போவதே இல்லை, புதுப்பிக்கப்படுகிறது. ஷார்ஜாவிலேயே தலை நரைத்த ஒருவர், "ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்கணும்னு நான் நெனைச்சதே இல்லை" என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யலாம். பொய்யாகாது.

இக்கொள்கையால் விளைவன பல. கட்டில் வாங்காமல் காற்றடைத்த மெத்தையில் படுப்பர். அது நள்ளிரவில் இளைத்து விடியலில் தரையைத் தொடும். பாண்டி பஜார் ஸ்வெட்டரோடு ஜனவரியில் மினியாபொலிஸில் இறங்குவர். "இந்தக் குளிருக்கு ஒரு கோட்டா? ரெண்டு வருஷந்தானே" என்று முதல் பனிக்காலத்தை வைராக்கியத்தால் கழிப்பர்.

இவற்றினும் கொடிது வங்கிக் கணக்கு. வெளிநாட்டில் குடியேறியவர் ஊரிலுள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. இரண்டு வருஷக் கொள்கையினர் மாற்றுவதில்லை. கணக்கு பழைய செல்பேசி எண்ணோடு பிணைந்து கிடக்கும். அந்த சிம் அப்பாவின் மேசை டிராயரில் இருக்கும், அல்லது ரீசார்ஜ் இல்லாமல் செத்து வேறொருவர் கைக்குப் போயிருக்கும். முதல் நிலை மேல். ஏனெனில், திருச்சியில் அப்பாவை எழுப்பியாவது கேட்கலாம்.

"அப்பா, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"நேத்திக்கு ஒண்ணு வந்துதுடா. அதைச் சொல்லவா?"

"இப்ப வந்தது, இப்ப வந்தது!"

"இரு, கண்ணாடியை எடுத்துட்டு வரேன்."

இதற்குள் ஓடிபி காலாவதியாகும்.

இருபத்து மூன்றெனும் எடைக்குள் அடங்கும்
பருப்பும் புளியும் பாத்திரப் பண்டமும்;
அடங்கா தெஞ்சும் அத்தை ஊறுகாய்.

அமெரிக்கா போகும் எகானமி பயணிக்குப் பெரும்பாலான விமானங்கள் 23 கிலோ எடையில் இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. இந்த எண்ணை ஒட்டித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு தனி அளவையியல் வளர்ந்திருக்கிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, இறங்கிப் பெட்டியின்றி மீண்டும் ஏறிக் கழித்துப் பார்ப்பது ஒரு மரபு. சித்தப்பா கையால் தூக்கிப் பார்த்து, "இருபத்து ரெண்டரைதான், தைரியமாப் போ" என்பது இன்னொரு மரபு. பின்னது விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து போட்டு, ஊரார் பார்க்கப் புளியை இடம் மாற்றுவதில் முடியும்.

ஊறுகாய் திடமா திரவமா என்பது இத்துறையின் தீராத பூசல். 2006-இல் லண்டன் சதி அம்பலமான பிறகு, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவமும் கூழும் கூடாது என்ற விதி பரவியது. பாதுகாப்பு அதிகாரி ஊறுகாயைத் திரவம் என்பார். ஊறுகாய் போட்டவரோ, "மாங்காய் திடந்தானே, எண்ணெய் சும்மா மேல நிக்குது" என்பார். இருவரிடத்தும் நியாயம் இருப்பினும் ஜாடி குப்பைத் தொட்டிக்கே போகும்.

பிற பண்டங்களின் குற்றங்களை நம்மவர் பெரும்பாலும் அறிவதில்லை. கொப்பரை, ஆபத்தான சரக்குகளின் பட்டியலில் தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய 4.2 வகுப்பில் இருக்கிறது. அதற்கு 1363 என்று ஐ.நா. எண்ணே உண்டு. கொப்பரையை டப்பாவில் அடைத்து மூடியைச் சுற்றித் துணி கட்டிய பாட்டிக்கு இது தெரியாது. பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா உள்ளே விடாது; ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்புகிற பூச்சிக்கு அது வீடு. ஆகவே ஒரு ரசத் தாளிதம் ஃபுளோரிடாவின் பழத் தோட்டங்களுக்கு எதிரானது என்று ஒரு கட்சி வாதிடலாம், வாதிடவும் செய்கிறது. குருமாவுக்கு அரைக்கும் கசகசாவை சிங்கப்பூர் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணால் பார்க்கிறது. இதை அறியாமல் போய் இறங்குபவரின் முதல் உரையாடலே சீருடையோடுதான்.

ஆயினும் பின்புத்திக்காரர் இவை எதையும் பெரிதாகச் சொல்வதில்லை. அவர் முதலில் சொல்வது மிக்சியை. இந்திய மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்க வீட்டில் வருவது 120. செருகினால் சுற்றத்தான் செய்யும், கும்பாபிஷேகத்துக்கு வந்த வி.ஐ.பி. பிரதட்சிணம் செய்யும் வேகத்தில். தேங்காய் அப்படியே இருக்கும். இதைச் சரிசெய்ய ஒரு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது மிக்சியைவிடக் கனக்கும். சலித்துப்போய் அங்கேயே 110 வோல்ட் மிக்சி வாங்குவர். ஊர் திரும்பும்போது ஆசையாய் அதையும் தூக்கி வருவர். அது சென்னை மின்சாரத்தில் புகைந்து உயிர்விடும். இரு திசையிலும் சேதம் நிகழ்வதால் இதனை ஒரு முழுமையான பிழை என்று வகுக்கலாம்.

மிக்சி கிடக்கட்டும்; பெட்டியில் அடைத்துப் போன பருப்பும் புளியும் நியூஜெர்சியின் ஓக் ட்ரீ ரோட்டிலும் துபாய் கராமாவிலும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலும் குவிந்து கிடக்கின்றன. குவிந்து கிடக்காதது காகிதம். பழைய பிறப்புச் சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இராது, "ஆண் குழந்தை" என்ற அளவோடு நிற்கும். அதில் பெயர் ஏற்றுவதற்கு நகராட்சிக்கு நடக்க வேண்டியவர் அட்லாண்டாவில் இருப்பார். கல்லூரி டிரான்ஸ்கிரிப்ட், தடுப்பூசி அட்டை, பிற நாடுகள் சான்றிதழ்களை ஏற்பதற்கான அபோஸ்டில் முத்திரை (அந்த உடன்படிக்கை இந்தியாவில் நடைமுறைக்கு வந்ததே 2005-இல்தான்) எல்லாம் சேர்ந்தும் அரைக் கிலோ தேறாது. குக்கரின் வெயிட்டையும் கேஸ்கட்டையும் தனித்தனியாகச் சுற்றி வைத்த கைகள் இவற்றை மறந்தன.

தந்தை பெயரே தன்பெயர் ஆகும்
அந்நிய மண்ணில் அடிவைத் தோர்க்கே.

தமிழர்க்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல் உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பியவர் பெரும்பாலும் பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் மேசை போட்டிருந்த ஏஜென்ட். அவர் அப்பா பெயரை அதில் போட்டால் அலுவலகம் முழுக்க அப்பாவைக் கூப்பிடும். பெயர் சொல்லக்கூடத் தயங்கிய அப்பாவை இருபத்தைந்து வயது மேனேஜர், "ஹாய் சுப்ரமணியன்" என்று விளித்து வேலை வாங்குவார். மனைவியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கணவன் பெயர், குழந்தைக்கும் அதுவே, கணவனுக்கு மட்டும் அவன் அப்பாவினது. ஆக, தாயும் பிள்ளையும் ஒரு குடும்பம் போலவும், கூட நிற்பவர் வழியில் சேர்ந்துகொண்டவர் போலவும் குடியேற்ற கவுன்ட்டரில் காட்சி அமையும்.

ஏஜென்ட் அந்தக் கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டு மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டாலோ அமெரிக்க விசாவில் முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "எஃப்என்யு" என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. பிறகு மின்சாரக் கம்பெனியிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாரும் "அன்புள்ள ஃப்னு" என்றே எழுதுவர். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு விசிட் விசாவில் வருவோரை 2022 நவம்பர் முதல் அமீரகம் ஏற்பதில்லை. ஆகவே மேசை போட்ட அந்த ஏஜென்ட்டைத் திருத்தியிருக்க வேண்டும் என்பதில் அமெரிக்கக் கட்சிக்கும் வளைகுடாக் கட்சிக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பிறந்த நாடே வரிசையை நீட்டும்;
மறந்தும் அங்கே மறுமுறை பிறவார்.

அமெரிக்கா வேலை வழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு தருகிறது. எந்த ஒரு நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. நாடு என்பது குடியுரிமை அன்று, பிறந்த இடம். எனவே இந்தியாவில் பிறந்தவர் வரிசையில் நரைக்கிறார். "கம்பெனியை அப்பவே ஃபைல் பண்ணச் சொல்லியிருக்கணும்" என்பது பொதுமக்கள் பின்புத்தி. ஆழ்ந்த பின்புத்தி இன்னும் பின்னே போகும். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். தாய்வீடு மட்டும் யாழ்ப்பாணமாக இருந்திருந்தால் குழந்தை இலங்கைக் கணக்கில் ஏறி, வரிசை வெகுவாகச் சுருங்கியிருக்கும். கணவன் அல்லது மனைவி பிறந்த நாட்டின் கணக்கைப் பயன்படுத்தவும் சட்டம் இடம் தருகிறது. ஆகவே ஜாதகத்தில் நட்சத்திரம் பார்த்தவர்கள் பிறந்த ஊரையும் பார்த்திருக்கலாம்.

"எனக்கு எந்த வருத்தமும் இல்லை, எதையும் மாத்திக்க மாட்டேன்" என்போரும் உளர். அவர்களை ஆய்விலிருந்து நீக்கினோம். சொல்லும்போது மனைவி பக்கத்தில் இருந்தார்.

இங்கே ஒரு முறையியல் சிக்கல். அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு வர முடியாமல் போனதையோ, காரியத்துக்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்ததையோ யாரும் இந்த வாக்கியத்தில் வைத்துச் சொல்வதில்லை. கேட்டால் மிக்சிக்குத் திரும்பிவிடுகிறார்கள். கேட்பதை நானும் நிறுத்திக்கொண்டேன்.

எஞ்சியது ஒரே வினா: ஒருவர் பின்புத்தி மற்றவர்க்கு முன்புத்தி ஆகுமா? எம்எஸ் படிக்கப் போகும் பிள்ளைகள் ஆகஸ்டில் புறப்படுவதால் இதைச் சோதிக்க ஆண்டுதோறும் வாய்ப்புண்டு. டல்லாஸ் அத்தை வீடியோ காலில் ஒரு மணி நேரம் எடுத்துரைக்கிறார்: மிக்சி வேண்டாம், பருப்பு வேண்டாம், சான்றிதழ் முக்கியம். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கால் முடிந்ததும் அம்மா துவரம்பருப்புப் பொட்டலத்தைப் பெட்டியில் வைக்கிறார்.

"அம்மா, அங்க எல்லாம் கிடைக்கும்னு அத்தை இப்பதானே சொன்னாங்க."

"கெடைக்கலேன்னா?"

இவ்வினாவுக்கு விடை கூறிய ஆய்வாளர் எவரும் இலர்.