சீட்டும் சாவியும்

கேள்வி: அமெரிக்காவில் ஏழைகளின் வாடகைக்குச் சர்க்காரே சீட்டுக் கொடுக்கிறதாமே! அதைக் காட்டியவுடன் வீட்டுக் கதவு திறந்துவிடுமா?

பதில்: கதவு இருக்கட்டும், சீட்டு கைக்கு வர எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டுமென்று விசாரித்தீர்களா? 1974-ஆம் வருஷத்தில் வேரூன்றி, ‘எட்டாம் பிரிவு’ என்று ஜனங்களால் வழங்கப்படும் அத்திட்டத்தில், குடும்பம் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தைக் கொடுக்க, மிச்ச வாடகையை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, ஸ்தல வீட்டுவசதி ஸ்தாபனம் நேரே வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. உத்தமமான ஏற்பாடுதான், ஆனால் மத்திய சர்க்காரின் வாடகைச் சகாயத்துக்குத் தகுதியுள்ள நான்கு குடும்பங்களில் ஏறக்குறைய ஒன்றுக்கே அது கிட்டுகிறது.

கிட்டிய பின்போ, குறைந்தபட்சம் 60 நாளாவது அளிக்கப்படும் தவணைக்குள், வாடகை வரம்புக்கு அடங்கியதும், பரிசோதனையில் தேறுவதும், சொந்தக்காரர் சம்மதிப்பதுமான வீட்டைக் கண்டுபிடித்தாக வேண்டும். நிறத்தையோ மதத்தையோ காரணமாக்கி வீடு மறுப்பதை 1968-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது; சீட்டைக் காரணமாக்கி மறுப்பதை அது தடுக்கவில்லை. மாஸசூஸெட்ஸ், நியூ ஜெர்ஸி போன்ற மாகாணங்கள் அதையும் சட்டவிரோதமாக்கியிருப்பது நியாயமான காரியம். மற்றவையும் அவ்வாறே செய்ய வேண்டும்.

அங்கே சீட்டுடன் வீடு தேடுவோர் உங்களுக்குத் தெரிந்தவராயின், தவணை முடியுமுன் நீட்டிப்புக் கோரி எழுத்து மூலம் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.