எஞ்சின் பிடித்துக்கொண்டால்: ஜீப் முதலாளிகளுக்கு ஒரு கையேடு

எஞ்சினைச் சீஸ் ஆக்குவது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. அதற்குப் பொறுமை வேண்டும். ஆயில் குச்சியை உருவிப் பார்க்காமல் மாதக்கணக்கில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் ஒழுகினால் ஒரு பாட்டில் தண்ணீரை சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு, ஒழுகலை மறந்துவிட வேண்டும். போடிமெட்டு ஏற்றத்தில், ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை அடைத்துக்கொண்டு ஏறும்போது ஹீட் மீட்டர் ஊசி உச்சிக்குப் போகும். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே சரசரவென்று இறங்கும். அப்போது “வண்டி ஆறிடுச்சு” என்று சந்தோஷப்பட்டு ஆக்சிலேட்டரை இன்னும் மிதியுங்கள். தண்ணீர் முழுக்கத் தீர்ந்துபோய் சென்சார் வெறும் ஆவியில் தொங்கினாலும் ஊசி இறங்கத்தான் செய்யும். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்.

அதற்குப் பிறகு எல்லாம் எஞ்சினே பார்த்துக்கொள்ளும். அலுமினிய பிஸ்டன், இரும்பு லைனரைவிட வேகமாகச் சூட்டில் விரியும், விரிந்து இறுகிக்கொள்ளும். ஆயில் இல்லாவிட்டால் கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய மெல்லிய எண்ணெய்ப் படலம் போய், உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உரசும். பேரிங் உருகிக் கிராங்கில் ஒட்டும். வண்டி நிற்கும்.

இனி நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். சாவியைத் திருப்புங்கள். ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். மறுபடி திருப்புங்கள். அதே ‘டக்’. நாலாவது தடவை வேறு பதில் வரும் என்ற நம்பிக்கையைக் கைவிடாதீர்கள்.

பிறகு பேட்டரியைக் குறை சொல்லுங்கள். பக்கத்து லாரியிலிருந்து பேட்டரி கடன் வாங்கிப் போட்டும் ‘டக்’ என்றால், செல்ஃப் மோட்டாரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். அவர் காயில் போச்சு என்பார். காயில் மாற்றிய புதுச் செல்ஃபும் அதே பழைய ‘டக்’கைச் சொல்லும். இந்த நேரத்தில் டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்திருப்பார்கள். ஒருவர் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்பார். கியரில் போட்டுத் தள்ளினால் சக்கரம் உருளாமல் ரோட்டில் இழுபடும். “டயர்ல காத்து கம்மி” என்பவரும் அங்கேயே இருப்பார்.

ஃபோர் வீல் வண்டிக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு சலுகை உண்டு. ஆற்று மணலில் போட்ட ஃபோர் வீல் லீவரை எடுக்க மறந்து தார் ரோட்டில் வளைந்து வளைந்து வந்தால், முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருக்கும். அதற்கு வழியில்லாமல் ஆக்ஸிலும் கியருமெல்லாம் முறுக்கேறி, வண்டி பிரேக் பிடித்ததுபோல நின்றுவிடும், லீவரும் அசையாது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தாலோ, ஒரு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாலோ முறுக்கு விட்டுவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றால்தான் இந்தக் கதை. உங்கள் எஞ்சின் ஓடவில்லை. இருந்தாலும் லீவரைப் பிடித்து அரை மணி ஆட்டுங்கள், மனசுக்கு ஆறுதலாக இருக்கும்.

இவ்வளவும் முடிந்தபிறகு மெக்கானிக்கைக் கூப்பிடலாம். அவர் வந்து நியூட்ரலில் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட்டை மாட்டி, நீளப் பைப் சொருகி, எஞ்சின் சுற்றும் திசையிலேயே அழுத்திப் பார்ப்பார். ஆல்டர்னேட்டரோ வாட்டர் பம்ப்போ பிடித்திருந்தால் பெல்ட் கழன்றதும் தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. “நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுண்ணே” என்று நீங்கள் சொல்வீர்கள். “நேத்து வரைக்கும் ஓடாத வண்டி இன்னிக்கு எப்படிண்ணே சீஸ் ஆகும்?” என்பார் அவர்.

கொஞ்சம் திரும்பி ஒரே இடத்தில் தடுக்கிறது என்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கலாம். ஆற்றில் இறக்கினீர்களா என்று கேட்டால் இல்லை என்று சாதியுங்கள். டீசல் எஞ்சின் காற்றை எவ்வளவு வேண்டுமானாலும் நசுக்கும், தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால்தான் தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தள்ளச் சொன்னவரை அந்நேரம் பானட் பக்கம் நிறுத்துவது நல்லது.

மாமரத்தடியில் வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் துருதான் பிடித்திருக்கும். இன்ஜெக்டர் துளை வழியாக டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் கலந்து ஊற்றி, சில நாள் ஊறவிட்டு, மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் விட்டுக்கொடுப்பதுண்டு. பைப்பின் மேல் ஏறிக் குதிக்கச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள்.

அசையவே இல்லையா? சம்ப்பைத் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் சாயா நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மினுமினுவென்று பொடி வந்தால் ஒரு காந்தத்தை நீட்டுங்கள். ஒட்டினால் இரும்பு: ரிங், லைனர், கிராங்க் என்று ஏதோ ஒன்று தேய்ந்திருக்கிறது. ஒட்டாமல் செம்பும் வெள்ளியுமாக விரலில் மின்னினால் பேரிங்கின் அஸ்தி. மெக்கானிக் எதுவும் பேசாமல் அந்த விரலை உங்கள் முகத்துக்கு நேரே காட்டுவார். ரேட் அப்போதே முடிவாகிவிடும்.

இரண்டு வழி உண்டு. லேத்தில் கொடுத்துப் போர் பண்ணி, கிராங்க்கை டென், ட்வென்ட்டி, தேர்ட்டி என்று கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போடுவது ஒன்று. அதற்குமேல் பெரும்பாலும் கிராங்க்கில் கடைய இடமிருக்காது. இன்னொன்று, சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழைய எஞ்சின் வாங்குவது. “கை படாத எஞ்சின் சார்” என்பார்கள். நீங்களே கையால் சுற்றிப் பாருங்கள், சம்ப்பைத் திறக்கச் சொல்லுங்கள், எஞ்சின் எண்ணை யாராவது ராவியிருக்கிறார்களா என்று தடவிப் பாருங்கள், பில் கேளுங்கள். பில் கேட்டதும் கடைக்காரர் முகம் மாறினால் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ஜீப்பின் 2112 சிசி பியூஜோ எஞ்சின் இருந்த இடத்தில் பெரிய கார் எஞ்சின் ஒன்றைத் திணிக்கும் ஆசை இந்தக் கட்டத்தில்தான் வரும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கிலேயே சொல்லிவிட்டது.

பொருத்துவது சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். பானட், கிரில், ரேடியேட்டர் கழற்றி, செயின் பிளாக்கில் பழையதைத் தூக்கிப் புதியதை இறக்க வேண்டியதுதான். வயர்களுக்குச் சீட்டு ஒட்டாதீர்கள், எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஒரே டப்பாவில் போடுங்கள். கடைசியில் கியர் பாக்ஸ் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லில் நுழைய வேண்டும். பின்னால் ஃபோர் வீல் பாக்ஸ் வேறு கனமாகத் தொங்கும். ஜாக்கியில் தாங்காவிட்டால் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். அடியில் படுத்திருக்கும் பையன் “அண்ணே, ஒரு நூல் தூக்குங்க… ஐயோ, இறக்குங்க” என்பான். மாலைவரை இதுதான். கால் அங்குல இடைவெளி இருக்கும்போதே போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று தோன்றும். இழுத்தால் கிளட்ச் பிளேட் நடுவிலிருந்து கிழியும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.

எஞ்சின் ஒருவழியாக உட்கார்ந்ததும், ஸ்டாப் ஒயரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஆயில் ஊசி எழும்வரை செல்ஃப் அடியுங்கள். பிறகு டீசல் லைனில் ஏர் எடுங்கள்.

வண்டி ஓடியதும் எல்லோரும் மறப்பது ஆர்டிஓ அலுவலகம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாறியதை ஆர்சி-யில் ஏற்ற வேண்டும். ஆய்வாளர் எஞ்சின் எண்ணின் பென்சில் பிரிண்ட் கேட்பார். எண் பிளாக்கின் பக்கவாட்டில், பழைய முதலாளியின் பத்து வருஷ அழுக்குக்கடியில் இருக்கும். அதனால் கொஞ்சம் டீசல், ஒரு கந்தல் துணி, பழைய டூத் பிரஷ் கொண்டுபோங்கள். பென்சிலையும் நீங்களே கொண்டுபோய்விடுங்கள்.