முழுக்க முழுக்க அல்காரிதம் என்று சொல்லிக்கொள்வது எப்படி?

கணினியை விட்டு ஒரு பாட்டு அமைக்க இசை ஞானம் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு ஹெட்போன், வீட்டார் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம் இருந்தால் போதும்.

முதலில் ஒரு பரம்பரையைத் தேடிக்கொள்ளுங்கள். "இதெல்லாம் ஒரு இசையா?" என்று யாராவது கேட்டால், 1757-லேயே பெர்லினில் கிர்ன்பெர்கர் என்ற இசையமைப்பாளர் பகடை உருட்டி நடன இசை அமைக்கும் முறையை அச்சிட்டுவிட்டார் என்று அடித்துவிடுங்கள். இருநூறு ஆண்டு கழித்து, 1957-ல், இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் இல்லியாக் கணினியைக் கொண்டு நான்கு தந்தி வாத்தியங்களுக்கு இசை எழுதினார்கள். கணினி கண்டபடி எண்ணைப் போடும், விதிக்கு ஒத்துவராததைக் கழித்துவிடும். நம் தொழிலும் அதேதான்.

மோகனத்தை எடுங்கள். ச ரி க ப த, ஐந்தே சுரம். சோம்பேறிகளுக்கென்றே அமைந்த ராகம் (வித்வான்கள் காதில் விழ வேண்டாம்). ஐந்துக்கும் எண் கொடுத்து, கணினியை ரேண்டமாக எடுக்கச் சொல்லுங்கள். ச த ரி ப ச த க என்று வரும். ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் பேச்சுவார்த்தையே இருக்காது.

சரி, பக்கத்துச் சுரத்துக்கு மட்டுமே நகரலாம் என்று விதி போடுங்கள். ச ரி க ரி ச ரி க ப க. பாட்டு வகுப்பில் முதல் மாதம்! அதனால் நாலில் ஒரு தடவை தாவ விடுங்கள். தாவினால் எதிர்த்திசையில் ஒரு படி திரும்பி வரவேண்டும். எட்டு சுரத்துக்கு ஒருமுறை சட்ஜத்திலோ பஞ்சமத்திலோ போய் நிற்கவேண்டும். திடீரென்று ஏதோ பாட்டு மாதிரி கேட்கும். கமகம் இல்லாததால் மோகனம் என்று சொல்ல முடியாது, சீனத்துப் பாட்டாகவும் இருக்கலாம், அங்கேயும் இதே ஐந்து சுரம் புழக்கத்தில் உண்டு. ஃப்யூஷன் என்று பெயர் வைத்துவிடுங்கள்.

கமகத்துக்கு மட்டும் விதி எழுத உட்காராதீர்கள். காந்தாரத்தை எப்போது அசைப்பது, எவ்வளவு அசைப்பது என்று ஆரம்பித்தால், பாட்டு டீச்சரிடம் சேர்வதே செலவு குறைவு என்று தெரிந்துவிடும்.

அடுத்தது சீடு. ரேண்டமுக்கு நீங்கள் கொடுக்கும் தொடக்க எண். அதே எண்ணைக் கொடுத்தால் அதே பாட்டு அட்சரம் பிசகாமல் வரும், மாற்றினால் வேறு பாட்டு. மாற்றிக்கொண்டே போங்கள். உருப்படியாக ஒன்று அகப்பட்டதும் மற்றதையெல்லாம் அழித்துவிடுங்கள். அந்த எண் ஏன் 1931 என்று யாராவது கேட்டால், கொள்ளுப்பாட்டி பிறந்த வருஷம் என்று சொல்லலாம்.

அதிலும் ஒரு தைவதம் அரை அட்சரம் முந்தி வந்து உறுத்தும். விதியைத் தொட்டால் பாட்டே மாறிப்போகும். ஆகவே பாட்டு பதிவான மிடி ஃபைலைத் திறந்து, அந்தத் தைவதத்தை மவுஸால் பிடித்து, ஒரு கட்டம் தள்ளி வைத்து, சத்தமில்லாமல் சேமியுங்கள். பாட்டின் குறிப்பில் 'மனிதக் கை படாதது' என்று எழுதுங்கள்.

கடைசியாக அம்மாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். "இது எந்தப் படத்துலடா வருது?" என்று கேட்டால் வெற்றி. எந்தப் படம் என்று மட்டும் உடனே தேடிப் பாருங்கள்.