ஃபைல் மாஸ்டர்

கொழும்பில், காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸை விட்டு வெள்ளவத்தையில் இறங்கி, கடற்கரைப் பக்கம் இறங்கும் ஏதாவது ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்து, "பொன்சர் ஃபோம் நிரப்புகிறவர் எங்கே இருக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். வடை பொரிக்கிறவர் கரண்டியாலேயே திசை காட்டுவார். மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கும், ஓடாது. அழைப்பு மணியை அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. வாசலில் ஏற்கெனவே நாலு சோடிச் செருப்பு கிடக்கும்.

ஆளுக்கு முன் ஃபைல்கள்தான் வரவேற்கும். சிவப்பு கனடா, நீலம் லண்டன், மஞ்சள் ஜெர்மனி, பச்சை அவுஸ்திரேலியா. பிரான்சுக்கு வந்தபோது கடையில் நிறம் தீர்ந்துவிட்டதால் அது மட்டும் கூறைச்சேலைப் பெட்டிக்குள் இருக்கும். இந்த மலைகளுக்கு நடுவே சாரம், கை வைத்த பெனியன், மூக்கு நுனியில் கண்ணாடி. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் படிப்பித்தவரல்லர். ஆனாலும் ஊருக்கு அவர் மாஸ்டர்தான்.

வெளிநாட்டில் இருக்கிறவர் தன் துணையைக் கூப்பிடும் பொன்சர் படிவங்களை நிரப்ப மாஸ்டர் காசு வாங்க மாட்டார். "சேவை" என்பார். விசா கிடைத்தவர்கள் சொக்லேட் அனுப்புவார்கள். அவருக்கோ நீரிழிவு. அலுமாரியின் கீழ்த்தட்டில் ரொறன்ரோ, பாரிஸ், சூரிச், மெல்பேர்ண் ஆகிய நகரங்களின் சொக்லேட்டுகள் திறக்கப்படாமல் கிடக்கின்றன. அவர் போய்ப் பார்த்த ஒரே வெளிநாடு திருச்சி.

ஒரு காலை நேரத்துக் காட்சி. கொக்குவிலில் இருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கிய தாயும் மகளும் கதிரை நுனியில் இருக்கிறார்கள். மாப்பிள்ளை ஸ்காபரோவில். மாஸ்டர் ஐஎம்எம் 5532 என்ற படிவத்தை எடுக்கிறார். கணவன் மனைவி உறவு எப்படி உண்டானது என்று கனடா துருவித் துருவிக் கேட்பது அதில்தான்.

"பிள்ளை, ரெண்டு பேரும் முதன்முதல் எங்கை சந்திச்சனீங்கள்?"

பிள்ளை தாயைப் பார்க்கிறது. தாய் முகட்டைப் பார்க்கிறார்.

"சந்திச்சது நாங்கள்தான் மாஸ்டர். அவையின்ரை தாயும் நானும். தெகிவளை ஆஞ்சநேயர் கோயிலிலை."

மாஸ்டர் பேனையை மூடி வைக்கிறார். இந்த இடத்தில் அவர் வழக்கமாக ஒரு தேத்தண்ணி குடிப்பார். படிவத்தை எழுதியவர்கள், ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் சந்தித்து, பழகி, பிடித்துப்போய், பிறகு கலியாணம் கட்டுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதியிருக்கிறார்கள். கொக்குவிலிலோ சாதகம் சந்தித்தது, தாய்மார் சந்தித்தார்கள், படம் கைத்தொலைபேசியில் சந்தித்தது. மாப்பிள்ளையும் பொம்பிளையும் சந்தித்தது கலியாண எழுத்துக்கு மூன்று நாள் முன்னர். மூன்று நாளை மூன்று பக்கமாக்க வேண்டும், அதில் ஒரு சொல்லும் பொய்யாக இருக்கக் கூடாது. மாஸ்டரின் வித்தை இதுதான். "பொய் எழுதினால் நேர்முகத்திலை பிடிபடுவியள். உண்மையை வடிவாய் எழுதினால் போதும்," என்பார். பத்துப் பொருத்தம் என்றால் என்ன, அதில் எத்தனை பொருந்தியது, மாப்பிள்ளையின் தமக்கை எப்போது வீட்டுக்கு வந்து பார்த்தார், வந்தபோது என்ன பலகாரம் கொடுத்தார்கள் என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவார். பயற்றம் பணியாரத்துக்கு அவர் தரும் ஆங்கில விளக்கம் மட்டும் நாலு வரி.

அடுத்தது படம். கலியாண அல்பத்தைத் தாய் இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைப்பார். அறுநூறு படம். கனடாவின் சரிபார்ப்புப் பட்டியல் கேட்பதோ அதிகபட்சம் 20. மாஸ்டர் தேர்வுக்குழுத் தலைவராக மாறுவார். மாப்பிள்ளை யானைக்குப் பக்கத்தில் நிற்கும் படம் தள்ளுபடி. பொம்பிளை தனியாக மருதாணிக் கையைக் காட்டும் படம் தள்ளுபடி. "இதிலை ரெண்டு பேரும் இருக்கினம், ஆனால் ஆளையாள் தெரியாத மாதிரி நிக்கினம். வேண்டாம்." மாமியார் பொம்பிளைக்குச் சாப்பாடு பரிமாறும் படத்தைக் கண்டால் மாஸ்டரின் முகம் மலரும். "இது நூறு சத்தியக்கடதாசிக்குச் சமம்."

இன்னும் கஷ்டமானது உரையாடல். குறுஞ்செய்தி, மின்னஞ்சல், கடிதம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பக்கத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அதே பட்டியல். எட்டு மாத வாட்ஸ்அப்பில் இருந்து பத்துப் பக்கம் பொறுக்க வேண்டும். அதில் ஏழு மாதத்துக்கு "சாப்பிட்டீங்களா", "ம்", "நித்திரையா", "ம்" தான் இருக்கும். ஆங்கிலமோ பிரெஞ்சோ அல்லாத எதையும் மொழிபெயர்த்து வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே "ம்" என்பதற்கும் ஒரு மொழிபெயர்ப்பு உண்டு. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் அதற்கு முத்திரை குத்திக் கையெழுத்தும் வைப்பார்.

மாஸ்டர் தேடுவது சண்டையை. "எங்கையாவது கோவிச்சுக்கொண்டனீங்களோ?" என்று அவர் கேட்க, பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு மார்ச் மாதத்தைக் காட்டும். பிறந்த நாளை மாப்பிள்ளை மறந்துபோன கதை, இரண்டு நாள் பேசாமல் இருந்த கதை. மாஸ்டர் அந்தப் பக்கங்களை முதலாவதாகக் கோர்ப்பார். கள்ளக் கலியாணம் செய்கிறவன் காசு கொடுத்து வாழ்த்து எழுதுவிப்பான், மெனக்கெட்டுச் சண்டை பிடிக்க மாட்டான் என்பது அவருடைய சித்தாந்தம்.

பெயர்ச் சிக்கல் வந்தால் அன்று மத்தியானச் சாப்பாடு பிந்தும். கந்தையாவின் மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் கந்தையா ஏறிவிடுவார். வெளிநாட்டில் இருந்து வரும் கடிதம் எல்லாம், செத்துப் பன்னிரண்டு வருடமான கந்தையாவையே மரியாதையாக விளிக்கும். மனைவி, கணவனின் பெயரான சிவகுமாரைக் குடும்பப் பெயராக எழுதியிருப்பார். ஆக, கணவனின் குடும்பப் பெயர் கந்தையா, மனைவியின் குடும்பப் பெயர் சிவகுமார். இருவரும் ஒரே குடும்பம் என்று அதிகாரிக்குப் புரியவைக்க மாஸ்டர் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறார். இதற்குமேல், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் "டி", கடவுச்சீட்டில் "டி எச்". ஓர் "எச்" கூடியதற்குச் சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டும்.

ஊரில் மற்றவர்கள் 1996 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று சொல்வதுபோல, மாஸ்டர் குடிவரவுச் சட்டத் திகதிகளைச் சொல்வார். ஜெர்மனிக்குப் போகும் மனைவி அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2007 ஆகஸ்டில் வந்தது. அன்று முதல், கொழும்பு 7 கிறகரீஸ் வீதியில் உள்ள கோதே நிறுவனத்துக்குப் போய் ஏ1 படிக்கும் பிள்ளைகளை அவர் நேரம் தவறாமல் விசாரிப்பார். மாப்பிள்ளை இருபது வருடமாக ஜெர்மனியில் இருப்பார். ஆனால் வேலை செய்யும் சமையலறையில் அத்தனை பேரும் தமிழர். ஆறு மாதத்தில் பொம்பிளை தொலைபேசியில் அவருடைய இலக்கணத்தைத் திருத்தத் தொடங்கிவிடும்.

பிரித்தானியாவின் ஆங்கிலச் சோதனை 2010 நவம்பர் 29. அதைவிடப் பெரிய இடி 2012 யூலை 9. மனைவியைக் கூப்பிடுகிறவர் வருடத்துக்கு 18,600 பவுண் உழைக்க வேண்டும் என்றார்கள். 2024 ஏப்ரல் 11 தொடக்கம் அது 29,000. இதற்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு புதிய வழக்கம் வந்திருக்கிறது. லண்டன் மாப்பிள்ளையின் சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொடுக்க முன்னர் சம்பளச் சீட்டை மாஸ்டரிடம் கொண்டுவருகிறார்கள். பதினோராவது பொருத்தம் அவர் பார்க்கிறார். "கிரகம் நல்லாயிருக்கு, ஆனால் ஓவர்ரைம் காணாது," என்று திருப்பி அனுப்பிய சம்பந்தங்கள் உண்டு.

கனடா 2012 ஒக்ரோபரில் ஒரு நிபந்தனை கொண்டுவந்தது. புதிதாகச் சேர்ந்த சோடிகள் இரண்டு வருடம் சேர்ந்து வாழாவிட்டால், கூப்பிடப்பட்டவரின் நிரந்தர வதிவிடம் பறிபோகலாம். கொடுமை செய்யும் துணையை விட்டுப் போகப் பெண்கள் பயப்படுவார்கள் என்று பலர் எதிர்த்தார்கள். அப்படியானவர்களுக்கு விலக்கு எழுதப்பட்டிருந்தும் எதிர்ப்பு ஓயவில்லை. 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அந்த நாலரை வருடமும் மாஸ்டர் பிள்ளைகளை வழியனுப்பும்போது தன்னுடைய தொலைபேசி இலக்கத்தை ஒரு துண்டில் எழுதிக் கைப்பைக்குள் வைத்து அனுப்புவார். ஏன் என்று சொல்ல மாட்டார்.

கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஓர் எதிரி இருக்கிறார். ரைப்பிஸ்ட் அண்ணர். நீதிமன்றப் பக்கம் தட்டச்சு அடித்துப் பழகியவர், இன்னும் தட்டச்சு இயந்திரத்தை விடவில்லை. அவரிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர்கள். சாந்த லூசியா பேராலயத்தில் மூன்று கிழமை ஓலை வாசித்து, பங்குத் தந்தைக்கு முன்னால் கையெழுத்து வைத்து, அன்றைக்கே விருந்தும் முடித்துவிடுவார்கள். ஒரே திகதி, ஒரே இடம். சைவக் கலியாணத்தில் எழுத்து ஒரு மாதம், தாலி இன்னொரு மாதம், நடுவில் ஆடி மாதம். "எது உங்கள் திருமண நாள்?" என்ற ஒற்றைக் கேள்விக்கு மாஸ்டர் இணைப்புத் தாள் வைக்க வேண்டியிருக்கிறது. "அவருக்கென்ன, கோயிலே ஃபோம் நிரப்பிக் குடுக்குது," என்பது மாஸ்டரின் புகைச்சல். ரைப்பிஸ்ட் அண்ணரோ, கடைசி நம்பிக்கையாகச் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி ஏற்றச் சொல்லி எல்லா மதத்தவரையும் அனுப்புவார். மாஸ்டர் இதைக் கேலி செய்வார். தன் ஆட்களையும் போகச் சொல்வார்.

பழைய ஃபைல்களைப் புரட்டினால் மாஸ்டரின் குரல் தாழும். போர்க்காலத்தில் அகதியாக ஏற்கப்பட்ட மாப்பிள்ளைகள் இலங்கைக்கு வர ஏலாது. பொம்பிளையைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கோ திருச்சிக்கோ போய்க் கலியாணம் முடித்து, மாலை வாட முன்னர் ஆளுக்கொரு திசையில் விமானம் ஏறுவார்கள். மாஸ்டரும் ஒருமுறை சாட்சிக்குப் போனதுதான் அந்தத் திருச்சிப் பயணம். விசாவுக்குக் காத்திருந்தவர்களால் வெள்ளவத்தை லொட்ஜுகள் நிரம்பி வழிந்தன. கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறாய் என்று பொலிஸ் கேட்டால் காட்ட அவர்களிடம் இருந்தது இந்த ஃபைல்தான். 2007 யூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்து 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்தது. அந்தக் கிழமை முழுக்க மாஸ்டர் ஒரு படிவமும் நிரப்பவில்லை. யாருடைய ஃபைல் யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே கிழமை போயிற்று.

இப்போது எல்லாம் ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றும் காலம். மாஸ்டருக்குக் கணினி சரிவராது. கீழ்மாடிப் பையன் ஏற்றுவான், இவர் பின்னால் நின்று "நேராய் வை, நேராய் வை" என்பார். ஏற்றி முடிந்த பிறகும் கடதாசியில் ஒரு முழுத் தொகுதி துளையிட்டுக் கட்டினால்தான் அவருக்கு அன்றிரவு நித்திரை வரும்.

போன மாதம் ரொறன்ரோவில் இருக்கும் மகன் அழைத்தான். தாய் தகப்பனைக் கூப்பிடப் போகிறானாம். பெற்றோரைப் பொறுப்பெடுத்தால் கியூபெக் தவிர்ந்த இடங்களில் 20 வருடத்துக்கு அவன் கையெழுத்து வைக்க வேண்டும் என்பதை மாஸ்டரே அவனுக்கு விளக்கினார். மனைவிக்கென்றால் மூன்றே வருடம் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, பழக்கதோசத்தில், ஒரு புதிய சிவப்பு ஃபைலை எடுத்து, குசினிப் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"இஞ்சை பாரும், நாங்கள் முதன்முதல் எப்ப சந்திச்சனாங்கள்?"

"கலியாணத்துக்கு முதல் வருசம். நல்லூர்த் தேர் அன்றைக்கு."

"நான் அன்றைக்கு அங்கை வரேல்லை. மன்னாரிலை டியூட்டி."

"வந்தனீங்கள். நீலச் சேட்டு."

விவாதம் இரவுச் சாப்பாடு வரை நீண்டது. கலியாணப் படம் தேடியதில் இரண்டு கிடைத்தன. ஒன்றில் மாஸ்டரின் மனைவி நிலத்தைப் பார்க்கிறார். மற்றதில் மாஸ்டரின் பாதி முகத்தைக் குத்துவிளக்கு மறைக்கிறது. மாஸ்டரின் சொந்த விதிப்படி இரண்டும் தள்ளுபடி. விவாகப் பதிவுச் சான்றிதழ் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் தொலைந்தது. இந்தப் படிவத்தில் முதல் சந்திப்பை யாரும் கேட்கவில்லை என்று மகன் மூன்று தரம் சொல்லியும், வீட்டில் அந்த வழக்கு முடியவில்லை.

மாஸ்டரின் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒறிஜினல்களோடு இரண்டு தொகுதி போட்டோக் கொப்பியும் கொண்டுபோகவும். சொக்லேட் வேண்டாம். அவருடைய சொந்தச் சிவப்பு ஃபைல் தொலைபேசிக்குப் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கிறது. சான்றிதழின் பிரதிக்கு அவர் இன்னும் விண்ணப்பிக்கவில்லை.